மேஸ்திரி சொல்லும் ‘கூடாது’

அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் பெண் கொடுக்க வருகிற வீட்டார்கூட ‘ஸ்கில் அடிச்சாச்சா?’ என்று கேட்பார்கள். சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போக நினைக்கும் பையன், அந்நாட்டுக் கட்டட ஆணையத்தின் கைத்திறன் தேர்வில் தேறிவிட்டானா என்பதுதான் கேள்வி. கம்பி கட்ட ஒரு தேர்வு, சென்ட்ரிங் அடிக்க ஒன்று, டைல்ஸ் பதிக்க ஒன்று, குழாய் வேலைக்கு ஒன்று. எழுத்திலும் பார்ப்பார்கள், கையிலும் பார்ப்பார்கள். இதற்கென்றே தமிழ்நாட்டில் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. நான் கம்பி வேலையில் ஸ்கில் அடித்துப் போனவன். அங்கே பல வருடம் இருந்துவிட்டு, இப்போது புதுக்கோட்டைப் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் எடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டட வேலைக்குச் சான்றிதழைக் கட்டாயம் ஆக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு முன்பெல்லாம் ரத்தம் கொதிக்கும். காரணம் என் அப்பா.

அப்பா கொத்தனார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கலவை சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, பெரியாளுக்குக் கையாளாக நின்று, ஒருநாள் அவருடைய மேஸ்திரி கையில் கரண்டியைக் கொடுத்தபோதுதான் கொத்தனார் ஆனார். ஆற்று மணல் வந்து இறங்கினால் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரித்துப் பார்ப்பார். உள்ளங்கையில் மண் அப்பியிருந்தால் லாரியைத் திருப்பிவிடுவார். சந்தேகமாக இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்பார். ஒரு மணி நேரம் கழித்து, மேலே படிந்திருக்கும் வண்டலின் கனத்தை விரலால் அளப்பார். இரண்டு செங்கல்லைத் தட்டி, சத்தத்தை வைத்தே சூளையில் எந்த இடத்தில் வெந்தது என்று சொல்வார். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டால் நூல் விலகாது. அப்படிப்பட்ட மனிதரை ஒரு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, தாளைக் கொடுத்து, ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்றால் அவர் தோற்றுத்தான் போவார். அவரைத் தோற்கடிக்கிற சட்டம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அந்தப் பயம் பொய்யான பயம் அல்ல என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் பயிற்சிக் கூடத்திலேயே அந்த எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்தது.

அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிங்கப்பூரில் கம்பி வேலை பார்த்துத் திரும்பிய வயதானவர். ஊரில் கம்பி கட்டிப் பழகிய பையன்கள் எங்களில் நிறையப் பேர். கொக்கி பிடித்தால் கட்டுக் கம்பி எங்கள் கையில் ஓடும். அவர் கேட்டார்: “போர்ட்டிகோவுக்கு மெயின் கம்பியை மேல ஏன் வைக்கிறோம்?” யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரி வைக்கச் சொல்வார், வைப்போம், அவ்வளவுதான். அவர் ஒரு பழைய மெத்தைப் பஞ்சை நீளமாக வெட்டி, அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போட்டார். ஒரு முனையை மேஜையில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைக் கீழே அமுக்கினார். மேஜை விளிம்புக்கு மேலே கோடுகள் விரிந்தன, கீழே நெருங்கின. “கான்கிரீட் நெருக்கறதத் தாங்கும், இழுக்கறதத் தாங்காது. எங்க விரியுதோ அங்கதான் கம்பி நிக்கணும். இது நீட்டிக்கிட்டிருக்கற தளம், மேலதான் விரியும். கான்கிரீட் கொட்டும்போது நீ கம்பி மேல ஏறி மிதிச்சு அதக் கீழ இறக்கிட்டேன்னா, உள்ள கம்பி இருந்தும் இல்லாத கணக்குத்தான்.”

எத்தனை போர்ட்டிகோவில், எத்தனை சன்ஷேடில் நாங்கள் கம்பி மேல் நடந்திருப்போம் என்று அன்றைக்கு அந்தக் கூடத்தில் எல்லோருமே யோசித்தோம். மேல் கம்பி இறங்காமல் இருக்கத்தான் இடையிடையே ‘சேர்’ என்கிற வளைத்த கம்பியைத் தாங்கலாக வைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். ரிங் கம்பியின் முனையைத் தொண்ணூறு டிகிரியில் மடித்து விட்டுவிடாமல், 135 டிகிரிக்குத் தூணின் உள்பக்கமாக வளைக்க வேண்டும். பூமி அதிரும்போது மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் அவிழாமல் பிடித்துக்கொள்ளும். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட்டைக் கம்பிக்கு வெளியே கவராக விடாவிட்டால் ஈரம் கம்பியைத் தொட்டுத் துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். இவை எல்லாம் நம் நாட்டு விதிப் புத்தகங்களிலும் இருப்பவைதான். இன்ஜினியரிங் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கம்பியைக் கட்டுகிறவன் கல்லூரிக்குப் போனவன் இல்லை.

அந்தச் சான்றிதழுக்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. ஏஜெண்டுக்கும் பயிற்சிக்குமாக லட்சக்கணக்கில் கடன். வேலைக்குப் போய் முதலில் சம்பாதித்ததெல்லாம் வட்டிக்கே சரியாகப் போனது. சிங்கப்பூர் சொர்க்கமும் இல்லை. லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஆகவே அந்த ஊர் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கண்ட ஒன்று மட்டும் என் மனதில் தங்கிவிட்டது.

ஒருநாள் ஒரு பெரிய தளத்துக்குக் கான்கிரீட் வண்டிகள் கிளம்பிவிட்டன. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், தேவகோட்டைக்காரர், கம்பி வேலையில் உயர்நிலைச் சான்று வைத்திருந்தவர். ஒரு பீமில் கம்பியோடு கம்பி சேரும் லேப் நீளம் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டார். உடனே ரெசிடென்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பார்த்தார், தலையாட்டினார், கான்கிரீட் நின்றது. வண்டிகள் திரும்பின. கம்பெனிக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த மூத்தவரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் அவர் இப்படிச் செய்திருந்தால் அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள்.

அவரிடமே கேட்டேன். “நான் சொல்றதுக்கு இங்க ஒரு எடை இருக்கு தம்பி. என் பேர்ல ஸ்கில் இருக்கு. உயர்ந்த ஸ்கில் உள்ளவனுக்கு முதலாளி கவர்மெண்டுக்குக் கட்டற லெவி குறைவு. என்னைய விட்டா அவருக்கும் நஷ்டம்” என்றார். தொழிலாளியின் திறமை முதலாளியின் பணக் கணக்கில் ஏறியிருந்தது. அதனால் அவர் வாய்க்கு மதிப்பு இருந்தது.

அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செராங்கூன் சாலையில் நடந்துபோகும்போது ஓவன் சாலை முக்கில் நிறுத்தி, “இங்கதான் ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்துச்சு” என்று காட்டினார். 1986 மார்ச் 15. ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் போனார்கள். விசாரித்தபோது தெரியவந்த காரணம் யாரையும் திகைக்க வைக்கும்: கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர் அந்தக் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. வந்து தங்கும் மனிதர்கள், சாமான்கள் ஆகியவற்றின் பாரத்துக்கு மட்டும் தூண் நிறுத்தியிருந்தார். 1989-இல் அந்த நாடு சட்டம் கொண்டுவந்தது: ஒரு இன்ஜினியர் போட்ட கணக்கை அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு இன்ஜினியர் சரிபார்க்க வேண்டும். 2009-லிருந்து கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் உரிமம் வந்தது. இப்படிப் பல விதிகளைச் சாவுகளுக்குப் பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கும் சாவுகள் இருந்தன. 2014 ஜூன் 28, சனிக்கிழமை, மழை பெய்த மாலை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தொழிலாளிகள். ஆந்திராவின் வட மாவட்டங்களிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். நீதிபதி ரகுபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகின என்பது உண்மை. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்த ஐந்து ஆண்டுவரை கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், தர ஆய்வாளர் என்று பலரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. இவை தேவைதான். ஆனால் இந்தப் பட்டியல்கள் கையெழுத்துப் போடுகிறவரோடு நின்றுவிடுகின்றன. கரண்டி பிடிக்கிறவர், கம்பி வளைக்கிறவர், முட்டு நிறுத்துகிறவர் இவற்றில் வருவதில்லை.

அதிலும் எங்களைப் போன்றவர்கள் கட்டும் சின்ன வீடுகள் இந்த வலையின் கண் வழியே நழுவிவிடும். எட்டு வீடுகளுக்கு உட்பட்ட சிறிய கட்டடங்களுக்கு ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதிவு தேவையில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். மக்களின் அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுவது இந்த அளவு வீட்டில்தான். அதைக் கட்டும் மேஸ்திரிக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யில் கொத்து வேலைக்குப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவன்தான் வேண்டும் என்று கேட்ட வீட்டுக்காரர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அது கை கொடுத்திருக்கிறது. என் வீட்டிலும் அந்த உதவி வந்திருக்கிறது. வாரியம் தரும் அட்டையில் ‘கொத்தனார்’ என்று எழுதியிருக்கும். அவருக்குக் கொத்து வேலை தெரியுமா என்று பார்த்து எழுதியது அல்ல.

திரும்பி வந்த பிறகு நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது என் வேலை இல்லை, சொந்தக்காரர் ஒருவருடையது. மாடித் தளம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டார்கள். ஆடி பிறந்தால் வைக்க முடியாது. முட்டைப் பிரித்துக் கொடு, பூச்சு வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றார். மேஸ்திரி என் அப்பா வயது. கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, ஹால் பெருசு. பீம் வேற நீளம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க” என்றார். “நீ என்ன இன்ஜினியரா? பிரிக்க முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பிரிப்பான்.” மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் விதியைச் சொன்னேன். ஐ.எஸ். 456 என்கிற நம் நாட்டுக் கான்கிரீட் விதிப்படி, நாலரை மீட்டரைத் தாண்டும் தளத்துக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பீம் ஆறு மீட்டருக்கு மேல் என்றால் 21 நாள். அதுவும் சாதாரண சிமெண்டுக்கு. இப்போது கடையில் அதிகம் விற்கும் பி.பி.சி. சிமெண்டு மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், இன்னும் பொறுக்க வேண்டும். சொந்தக்காரர் என்பதால் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டார். கிரகப்பிரவேசம் கீழ்த்தளத்தில், முட்டுகளுக்கு நடுவே நடந்தது.

நான் சொன்னதைத்தான் அந்த மேஸ்திரியும் சொன்னார். எனக்கு முன்னாலேயே சொன்னார். எனக்கு இருந்த எடை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அவர் பிரித்திருப்பார். தளம் உட்கார்ந்திருந்தால் போலீஸ் முதலில் அவரைத்தான் தேடியிருக்கும். பொறுப்பு முழுக்க அவர் தலையில், அதிகாரம் துளிகூட அவர் கையில் இல்லை.

என் கருத்தைத் திருப்பிப்போட்டது இதுதான். தகுதிச் சான்று என்பது என் அப்பாவைப் போன்றவர்களை வெளியே தள்ளும் கதவு என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க இல்லாமல் போனதே அந்தச் சான்றுதான் என்று பிறகு புரிந்தது. மண் கலந்த மணலை அவர் திருப்பி அனுப்பிய கதைகளை மட்டும்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்ப முடியாமல், தலை குனிந்து அதையே கலந்து பூசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்களும் அவருக்கு உண்டு. “காசு அவனோடது, கூலிக்காரன் நான் என்ன சொல்ல?” என்பார் அம்மாவிடம்.

எந்த மாதிரித் தேர்வு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவரை எழுதச் சொல்லக் கூடாது. வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, ஒரு சுவர் எழுப்பச் சொல்லி, ஒரு பீமுக்குக் கம்பி கட்டச் சொல்லி, ஏன் இப்படி என்று வாயால் கேட்க வேண்டும். அப்பா அதில் கம்பீரமாகத் தேறியிருப்பார். முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் மத்திய அரசுத் திட்டம் 2015-லிருந்து இருக்கத்தான் செய்கிறது. அதில் சான்று வாங்கிய கொத்தனார்களை எனக்குத் தெரியும். அவர்கள் கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வீட்டுக்காரர் யாரும் அதைக் காட்டச் சொல்லவும் இல்லை. கேட்பாரில்லாத சான்றிதழ் பெட்டிக்குள்தான் கிடக்கும். சிங்கப்பூரில் அந்தத் தேவகோட்டைக்காரர் சொன்ன லெவிக் கணக்கு இங்கே வேறு உருவில் வந்தாக வேண்டும்: சான்று உள்ளவருக்கு இவ்வளவு கூலி என்று அரசு வேலைகளிலாவது நிர்ணயிக்க வேண்டும், வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்போது மேஸ்திரியின் பதிவு எண்ணையும் கேட்க வேண்டும்.

‘இன்னொரு ஆபீஸ், இன்னொரு லஞ்சம்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த ஆபத்து நிஜம். செலவைத் தொழிலாளி தலையில் கட்டினால் என் அம்மாவின் நகைக்கு நடந்ததுதான் எல்லா அம்மாக்களின் நகைக்கும் நடக்கும். ஆனால் பணம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமான மதிப்பில் ஒரு சதவீதம் நல நிதியாக வசூலாகிறது. அது இந்தத் தொழிலாளிகளின் பெயரால் வாங்கிய பணம். சோதிக்கவும் கற்றுக்கொடுக்கவும், பயிற்சி நாட்களுக்கான கூலியைக் கொடுக்கவும் அதையே செலவிடலாம். எல்லா வேலைக்கும் ஒரே நாளில் வேண்டாம். பெயிண்ட் தப்பாகப் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். சென்ட்ரிங்கும் கம்பியும் தப்பினால் ஆள் செத்துப்போவான். அந்த இரண்டில் தொடங்கட்டும்.

சட்டம் வரும்வரை என் சைட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கான்கிரீட் போடும் முன்பு கம்பி மேஸ்திரியும் சென்ட்ரிங் மேஸ்திரியும் பார்த்துவிட்டு ‘போடலாம்’ என்று கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் கான்கிரீட் கிடையாது. வீட்டுக்காரரோடு போடும் அக்ரிமெண்டிலேயே இதை எழுதிவிடுகிறேன். ‘மேஸ்திரி கையெழுத்துப் போட்டால்தான் என் வீட்டு வேலை நடக்குமா’ என்று கேட்டு வேறு ஆளிடம் போனவர்களும் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ரெடிமிக்ஸ் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கம்பி மேஸ்திரி நோட்டை என்னிடமே நீட்டி, “கவர் பிளாக் பத்தலண்ணே. பால்கனிப் பக்கம் சேரும் ரெண்டு இடத்துல சாஞ்சிருக்கு. நான் போட மாட்டேன்” என்றார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டி நிற்க நிற்க வாடகை ஏறும். அதைவிட, கலந்த கான்கிரீட்டை வெகுநேரம் நிறுத்திவைக்கவும் முடியாது. சரி என்றேன். வண்டியைத் திருப்பி அனுப்பி, அந்தப் பணத்தைக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் கவர் பிளாக் வாங்கி வந்து, சாய்ந்த சேரை நிமிர்த்திக் கட்டினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் மறுபடியும் ஒவ்வொரு பீமாகக் குனிந்து பார்த்துவிட்டு நோட்டில் கைநாட்டு வைத்தார். எட்டு மணிக்குக் கான்கிரீட் ஆரம்பித்தோம்.